பூச்சு வேலை கொட்டேஷன்: மேஸ்திரிக்கும் நமக்கும் நியாயமான ரேட் போடுவது எப்படி?

சதுர அடி ரேட்டை மட்டும் பார்த்து சப்-கான்ட்ராக்ட் விட்டால் பாதி வேலையில் தகராறு வரும். வீட்டுப் பூச்சு வேலையின் லேபர் கான்ட்ராக்ட்டை (ஆள் கூலிக்கு மட்டும் விடும் ஒப்பந்தம்) வைத்து என் முறையைச் சொல்கிறேன். டைல்ஸ், பெயின்டிங்குக்கும் இதே வழிதான். பிளான் பார்த்து அளவெடுக்க உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எல்லோருக்கும் ஒரே பட்டியல்

சாரம் யாருடையது, மணல் சலிப்பது யார், கான்கிரீட்டும் செங்கலும் சேரும் இடத்தில் வலை அடிப்பது, எலக்ட்ரீஷியன் வெட்டிய காடியை அடைப்பது, மாடிக்குக் கலவை ஏற்றுவது, தண்ணீர் விடுவது என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அதே தாளை எல்லா மேஸ்திரிகளுக்கும் கொடுங்கள்.

படி 2: ஓப்பனிங் கழிவு

என்னை அதிகம் குழப்பிய இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கதவு, ஜன்னல் இடத்தைக் கழிப்பதா வேண்டாமா என்பதில்தான் கடைசி பில் சண்டை தொடங்கும். கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1200, அதன் 12-ஆம் பகுதியில் இதற்கு வழி சொல்கிறது. 0.5 சதுர மீட்டர் வரை கழிவு இல்லை. 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். அதற்கு மேல் இரு பக்கமும் கழித்து, ஓரங்களைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும்.

அடிக் கணக்கில் பார்த்தால், 2க்கு 2 வென்டிலேட்டருக்குக் கழிவு கிடையாது. 4க்கு 4 ஜன்னலுக்கு 16 சதுர அடியை ஒரு பக்கம் கழிக்கிறோம். மறுபக்கம் கழிக்காமல் விடுவது, ஜன்னல் ஓரத்தைச் சுற்றிப் பூசும் உழைப்புக்கு. ஓரம் பூசத்தான் கொத்தனாருக்கு நேரம் பிடிக்கும், அதனால் இது நியாயமான கணக்கு. 6க்கு 7 பெரிய கதவு என்றால் இரு பக்கமும் கழியும்.

படி 3: ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள்

உதாரணத்துக்கு, உள்ளும் வெளியும் சேர்த்து 4,000 சதுர அடி, கழிவு 240. முதல் மேஸ்திரி 28 ரூபாய் கேட்கிறார். கழிவு கிடையாது, சாரம் நம்முடையது (14,000), வலையும் காடியும் தனி (6,000). மொத்தம் 1,32,000. இரண்டாமவர் 33 ரூபாய், எல்லாம் சேர்த்து, கழிவு போக 3,760 சதுர அடிக்கு. மொத்தம் 1,24,080. முதலாமவரின் மொத்தத்தை அதே 3,760-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 35 ரூபாய்க்கு மேல் போகிறது.

இதற்கு மொபைல் ஆப் எதுவும் வேண்டாம், எக்செல் போதும். ஃபார்முலா கண்ணுக்குத் தெரியும், மேஸ்திரியிடமும் காட்டலாம்.

படி 4: நீங்களே ஒரு ரேட் போடுங்கள்

இரண்டு கொத்தனார், இரண்டு சித்தாள் கூலி நாளைக்கு 4,000 என்றும், அவர்கள் பூசுவது 160 சதுர அடி என்றும் வைத்தால் 25 ரூபாய். சாரத்துக்கு 4, அதன் மேல் மேஸ்திரிக்கு 15 சதவீதம். 33 ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது. கூலியும் வேகமும் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் ஊர்க் கணக்கைப் போடுங்கள்.

யாராவது 22 ரூபாய் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். அது ஆள் கூலிக்கே காணாது. எதை விட்டுவிட்டார் என்று கேட்டு, சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், ஒருவர் ரேட்டை இன்னொருவரிடம் காட்டிக் குறைக்கச் சொல்லும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அந்தக் குறைவு கடைசியில் சித்தாள் கூலியில்தான் விழும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் பலர் கேட்டது, பூச்சு கனம் கூடினால் என்ன செய்வது என்று. உள்பூச்சு வழக்கமாக 12 மி.மீ. சுவர் தூக்கு இல்லாமல் சாய்ந்திருந்தால் 25, 30 என்று போகும், இரண்டு தடவை பூச வேண்டிவரும். அது கட்டுவேலை செய்தவரின் தவறு, பூசுபவர் தலையில் கட்டக் கூடாது. ரேட் பேசும் முன்பே மேஸ்திரியோடு தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, எந்தெந்தச் சுவருக்கு 20 மி.மீ.க்கு மேல் வரும் என்று குறித்துக்கொண்டு, அந்தச் சுவர்களுக்குத் தனி ரேட் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.