சாரலுக்கு முன் மொட்டை மாடி: ஒழுக்கைக் கண்டுபிடித்து அடைக்கும் முறை

ஆரியங்காவு கணவாயில் புகுந்து வரும் மேல்காற்று நேராக வந்து மோதும் ஊர்கள் புளியரை, செங்கோட்டை, பண்பொழி, தென்காசி. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து அடைமழை. ஆண்டுக்கு இரண்டு முறை நனைகிற வீட்டுக்கு, சமவெளி ஊர்களில் சொல்லும் பராமரிப்புக் கணக்கு போதாது.

இந்தப் பக்கத்தில் வீட்டின் மதிப்பைத் தின்பது தண்ணீர்தான். அதிலும் ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்க்கிற மழையைவிட, வாரக்கணக்கில் தூவுகிற சாரல்தான் சுவருக்குக் கூடுதல் கெடுதல். கொட்டும் மழை வழிந்து ஓடிவிடும். சாரல் பூச்சுக்குள் ஊறும். வெயில் வராததால் ஊறியது உலராது. ஆகவே வீட்டுக்குச் செலவழிக்கும் பணத்தை முதலில் மாடிக்கும் தண்ணீர் போகும் வழிக்கும் செலவழியுங்கள். பெயின்ட் கடைசி. ஒழுக்கை நிறுத்தாமல் பெயின்ட் அடித்தால் அடுத்த ஆடிக்குள் அது தோல் உரிகிற மாதிரி உரிந்து வந்துவிடும்.

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. ஏப்ரலில் சோதனையை முடித்து, மே 20க்குள் வேலையை முடிப்பதாகத் திட்டமிடுங்கள். இடையில் கோடை மழை வந்தால் மூடி வைக்க ஒரு தார்ப்பாய் கையில் இருக்கட்டும்.

படி 1: இது மழைத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா?

கறை மழைக்காலத்தில் மட்டும் வந்தால் கூரையோ வெளிச்சுவரோ காரணம். கோடையிலும் ஈரமாக இருந்தால் குழாயைச் சந்தேகியுங்கள். ராத்திரி எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு, மேல்தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் அடையாளம் வையுங்கள். காலையில் யாரும் தண்ணீர் எடுக்கும் முன் பாருங்கள். 110 செ.மீ. விட்டமுள்ள தொட்டியில் 1 செ.மீ. இறங்கியிருந்தால் ஏறக்குறைய 9.5 லிட்டர் எங்கோ போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மாடியில் எவ்வளவு செலவழித்தாலும் அந்தக் கறை போகாது.

சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்தால் பெரும்பாலும் அது தரையிலிருந்து ஏறும் ஓதம். உறுதி செய்ய, ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் துளி இருந்தால் அறையில் காற்றோட்டம் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

படி 2: மாடியில் தேடுதல்

முதலில் உள்ளே, கூரையில் தெரியும் ஒவ்வொரு கறையையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த மழையில் கறை வளர்ந்ததா இல்லையா என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பிறகு மேலே ஏறுங்கள். கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நம் பக்கத்துப் பழைய மாடிகளில் கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கியைப் போட்டு, அதன் மேல் தட்டோடு எனும் தட்டையான சுட்ட ஓடுகளைப் பதித்திருப்பார்கள். ஓட்டு இணைப்பில் புகுந்த தண்ணீர் சுருக்கிக்குள் இறங்கி, வாட்டத்தோடு (தளத்தின் சரிவோடு) ஓடி, கான்கிரீட்டில் எங்கே வெடிப்பு கிடைக்கிறதோ அங்கேதான் கீழே இறங்கும். ஆகவே கறைக்கு மேலே உள்ள இடத்திலிருந்து வாட்டத்தின் மேட்டுப் பக்கமாகத் தேடிப் போங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்: தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, மழைநீர்க் குழாய் வாய், தொட்டி நிற்கும் மேடையின் அடி, கைப்பிடிச் சுவரின் மேல்தளம். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சுவரின் தலை வெடித்திருந்தால் தண்ணீர் செங்கல் வழியாகவே இறங்கி, கீழே அறையின் மூலையில் தலைகாட்டும். தட்டோடுகளை ஒரு சின்னச் சுத்தியல் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். பொக்கென்று சத்தம் வருகிற ஓடு அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது. சாக்பீஸால் பெருக்கல் குறி போடுங்கள்.

வாட்டத்தையும் சோதியுங்கள். 100 செ.மீ.க்கு 1 செ.மீ. இறக்கமாவது வேண்டும். ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் தெரிந்துவிடும்: அரை மணி கழித்தும் தேங்கி நிற்கும் இடம் பள்ளம்.

படி 3: தண்ணீர் கட்டிப் பார்த்தல்

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் மட்டும் இது. மாடியைப் பத்துக்குப் பத்து அடிக் கட்டங்களாகப் பிரித்து, களிமண்ணால் 2 அங்குல வரப்பு கட்டுங்கள். குழாய் வாயைச் சாக்குத் துணியால் அடையுங்கள். ஒரு கட்டத்தில் 1 அங்குலம் நிறுத்த ஏறக்குறைய 236 லிட்டர் வேண்டும். குழாய்ப் பக்கமுள்ள பள்ளக் கட்டத்தில் தொடங்கி மேட்டுக்குப் போங்கள். மேட்டில் தொடங்கினால் அந்தத் தண்ணீர் சுருக்கிக்குள் கீழே இறங்கி, பள்ளக் கட்டத்தின் முடிவைக் குழப்பிவிடும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் 48 மணி நேரம் கொடுங்கள். 24 மணி நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். சுருக்கி பஞ்சு மாதிரி, முதலில் தான் குடித்துவிட்டுத்தான் கீழே விடும். கூரையின் அடியில் கம்பி வெளியே தெரிந்தாலோ கூரை தொய்ந்திருந்தாலோ இந்தச் சோதனையே கூடாது.

படி 4: வெடிப்பு, மூலை, குழாய் வாய்

முதலில் சுத்தம். பாசியைப் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். பாசி மேலும் புழுதி மேலும் அடித்த பூச்சு தளத்தைப் பிடிக்காது, பாசியைத்தான் பிடிக்கும்.

மயிரிழை வெடிப்பை அப்படியே மேலே பூசி மறைத்தால் மறுபடி விடும். ஆங்கில எழுத்து ‘வி’ வடிவில் 10 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழத்துக்கு வெட்டி, தூசியை ஊதி எடுத்து, பாலிமர் கலந்த சாந்தை அழுத்தி நிரப்புங்கள். வெயிலில் ஒரு அகலமும் காலையில் வேறு அகலமுமாகத் தெரிகிற வெடிப்பு அசைகிற வெடிப்பு. அதில் சிமெண்ட் நிற்காது. காய்ந்த பிறகும் ரப்பர் போல இழுபடும் பாலியூரித்தேன் சீலன்ட் வேண்டும். பொக்கான ஓடுகளைப் பெயர்த்து, சிமெண்ட் 1க்கு மணல் 3 கலவையில் மறுபடி பதியுங்கள்.

தளமும் சுவரும் சேரும் மூலையில் தண்ணீர் நிற்காதபடி 2 அங்குலத்துக்கு 2 அங்குலம் முக்கோணமாகச் சாந்து வைத்துச் சரிவாக இழுக்க வேண்டும். 25க்கு 30 அடி மாடிக்குச் சுற்றளவு 110 அடி. அதற்கு அரை மூட்டைக்குச் சற்றுக் குறைவான சிமெண்டும் ஒன்றரை முதல் 2 கன அடி மணலும் போதும். நீர்புகாமைத் திரவம் பொதுவாக மூட்டைக்கு 200 மி.லி.; இங்கே 100 மி.லி. போதும். அதற்கு மேல் விட்டால் கூடுதல் பலம் வராது, சாந்து இறுகுவதுதான் கெடும். சாந்தை ஒரு வாரம் நனைத்து வையுங்கள்.

குழாய் வாயைச் சுற்றி 2 அங்குலம் வெட்டியெடுத்து, சுருங்காத கிரவுட்டால் (இடைவெளியில் ஊற்றி அடைக்கும் சிமெண்ட் கலவை) நிரப்புங்கள். வாய் தளத்தைவிட 1 செ.மீ. தாழ்ந்திருக்கட்டும். 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாய் என்பது தாராளமான கணக்கு. ஒரே ஒரு குழாய் இருக்கும் மாடியில், ஒரு பலா இலை போய் அடைத்தால் முழு மாடியும் குளம். இரண்டாவது வழி ஒன்று கட்டாயம் வையுங்கள்.

படி 5: மேல்பூச்சு

அளவு முதலில். 25 × 30 = 750 சதுர அடி தளம்; கைப்பிடிச் சுவரில் ஒரு அடி உயரம் ஏற்ற 110 சதுர அடி; மொத்தம் 860. வாங்கும் நீர்புகாப் பூச்சு டப்பாவில் ‘இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 20 சதுர அடி’ என்று போட்டிருந்தால் 43 லிட்டர். சொரசொரப்பான தளம் கூடுதலாகக் குடிக்கும் என்பதால் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 47, 48 லிட்டர் கணக்கிடுங்கள். டப்பாவில் தயாரிப்பு மாதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

டப்பாவில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலந்து முதலில் ஒரு பிரைமர் கோட். அடைத்த வெடிப்புகள் மேலும் மூலைகளிலும் கண்ணாடி இழை வலையைப் பதித்து, ஒரு கோட் தெற்கு வடக்காக, அடுத்த கோட் கிழக்கு மேற்காக. குறுக்கே அடிப்பதால் முதல் கோட்டில் விட்டுப்போன ஊசித் துளைகள் அடைபடும். இரண்டுக்கும் இடையே டப்பாவில் சொன்ன இடைவெளி, பெரும்பாலும் 4 முதல் 6 மணி நேரம், வேண்டும்.

காலை 10 மணி முதல் 3 மணி வரை வேண்டாம். சித்திரை வெயிலில் தளம் கொதிக்கும்போது அடித்தால் பூச்சு மேலே மட்டும் காய்ந்து, உள்ளே நீராவி குமிழ் கட்டி, சில மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். விடியலில் தொடங்கி 9 மணிக்குள் நிறுத்துங்கள், அல்லது மாலை 4 மணிக்கு மேல். மழை வராத 24 மணி நேரம் கட்டாயம். அக்ரிலிக் பூச்சுக்குத் தண்ணீர் ஊற்றி நனைக்கத் தேவையில்லை. சிமெண்ட் கலந்த இரண்டு பொருள் பூச்சுக்கு டப்பாவில் உள்ளபடி செய்யுங்கள்.

‘மேலே இரண்டு அங்குலம் சாந்து போட்டுவிடலாம், ஒழுகாது’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2 அங்குலச் சாந்து ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ பாரம். பழைய ஈரம் அதன் அடியில் சிறைப்பட்டு, கம்பியைத்தான் தின்னும். கீழே இருந்து கூரையின் அடிப்பக்கம் மட்டும் நீர்புகாப் பூச்சு அடிப்பதும் அப்படியே: கறை மறையும், கான்கிரீட்டுக்குள் ஈரம் நிற்கும்.

கூரையில் கம்பி தெரிந்தால்

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. பெயர்ந்த இடத்தில் சாந்தை அப்பி மூடினால் ஒரு வருடம்கூட நிற்காது. கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, பிணைப்புத் திரவம் பூசி, பாலிமர் சாந்தை 10 மி.மீ. அடுக்குகளாக ஏற்ற வேண்டும். கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால் கொத்தனார் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

சீமை ஓட்டு வீடாக இருந்தால்

வேலை எளிது. உடைந்த ஓட்டை மாற்றி, முகட்டு ஓட்டின் சாந்தைப் புதுப்பித்து, இரண்டு கூரைகள் சேரும் இடத்துத் தகட்டில் துருவைப் பார்த்தால் போதும். ஓட்டின் மேல் நேராக மிதிக்காமல் பலகை போட்டு ஏறுங்கள். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 ஓடு பிடிக்கும். அளவு பொருந்தாத ஓட்டை நடுவில் செருகினால் அந்த வரிசையே ஒழுகும். பழைய ஓட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களை ஒரு ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி லேசாக இறங்கினால் கறையான்.

செலவைக் கட்டுக்குள் வைத்தல்

கொத்தனாரிடம் சதுர அடிக் கணக்கில், பொருள் தனி, கூலி தனி என்று பேசுங்கள். ‘மொத்தமாக இவ்வளவு’ என்கிற பேச்சில் பிரைமரும் வலையும்தான் முதலில் காணாமல் போகும். எத்தனை கோட், எங்கே வலை, எத்தனை நாள் நனைப்பு என்பதைத் தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்டை வேலைக்கு முந்தின நாள் வாங்குங்கள். மூன்று மாதம் கிடந்த மூட்டை தன் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும்.

பணம் சேர்க்க ஒரு கணக்கு: ஒவ்வொரு பெரிய வேலைக்கும் ஆகும் தொகையை அதன் ஆயுள் மாதங்களால் வகுத்துவிடுங்கள். 60,000 ரூபாய் ஆகும் வெளிப்பெயின்ட் 5 ஆண்டு தாங்கும் என்றால் மாதம் 1,000 ரூபாய். அஞ்சலகத் தொடர் வைப்பின் காலமும் சரியாக 5 ஆண்டு என்பதால், அந்தத் தொகைக்கு ஒரு கணக்கு தொடங்கினால் முதிர்வும் வேலையும் ஒன்றாக வரும். மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம்.

தமிழ்நாட்டு நகராட்சிப் பகுதியில் வீடு இருந்தால், அரையாண்டுச் சொத்து வரியை ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டுகிறவர்களுக்கு 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய். கட்டிய ரசீதுகளை பட்டா, வரைபட அனுமதி, வில்லங்கச் சான்றோடு ஒரே கோப்பில் வையுங்கள். மாடி வேலைக்கு வாங்கிய பொருள்களின் பில்லையும், அடைக்கும் முன் எடுத்த படங்களையும் அதிலேயே சேருங்கள். விற்கும் நாளில், கூரையில் ஒரு பழைய கறையைப் பார்த்துவிட்டு விலையைக் குறைக்கிறவரிடம் காட்ட அந்தப் பில்லும் படமும்தான் இருக்கும்.

ஜூனில் முதல் சாரல் பிடித்து இரண்டு மூன்று நாள் கழித்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறைக்கும் போய்ப் பென்சில் கோடுகளைப் பாருங்கள். ஈரம் கோட்டுக்குள் நின்று வெளுத்துக்கொண்டு வந்தால் உள்ளே இருந்த பழைய ஈரம் உலர்கிறது, விட்டுவிடலாம். கோட்டைத் தாண்டியிருந்தால் புதுத் தேதி போட்டு இன்னொரு கோடு வரைந்துவிட்டு, அந்த அறைக்கு மட்டும் படி 2லிருந்து மறுபடி தொடங்குங்கள். புரட்டாசியில், அடைமழைக்கு முன், வடக்கு, கிழக்குச் சுவர்களின் ஜன்னல் ஓரங்களையும் சன்ஷேடுகளையும் இதேபோல் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.