விளையாட்டு மாணவர்களுக்கு நீரும் உணவும்: சொல்லிக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“தினமும் எட்டு டம்ளர் தண்ணீர்” என்று எல்லோருக்கும் ஒரே அளவைச் சொல்வதில்தான் இந்தப் பாடம் பெரும்பாலும் தடம் மாறுகிறது. ஒரே மைதானத்தில் ஒரே பயிற்சி செய்யும் இருவரில் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் வியர்க்கும், இன்னொருவருக்கு ஒன்றரை லிட்டர்கூடப் போகும். அளவை நீங்கள் சொல்லாதீர்கள், மாணவரையே கணக்குப் போட வையுங்கள்.

ஒரு டிஜிட்டல் எடைமெஷினும் அளவுக்கோடு போட்ட பாட்டிலும் போதும். பயிற்சிக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆடி முடித்ததும் உடம்பைத் துடைத்து, ஈர ஜெர்சியைக் கழற்றிவிட்டு, அதே அளவு உலர்ந்த உடையில் மறுபடி பார்க்க வேண்டும். நனைந்த ஜெர்சியோடு ஏறினால் வெளியேறிய வியர்வையும் எடையில் சேர்ந்துவிடும். முன்பு 54.0 கிலோ, பின்பு 53.5, நடுவில் குடித்தது 400 மில்லி என்றால், வியர்வை 500 + 400 = 900 மில்லி.

“அப்படியானால் 900 மில்லி குடி” என்று உடனே சொல்லிவிடக் கூடாது. எடை இழப்பு 2 சதவீதத்தைத் தாண்டும்போதுதான், அதுவும் வெயிலில், நீண்ட நேர ஆட்டத்தில் திறன் தெளிவாகக் குறைகிறது. 54 கிலோவுக்கு அது 1.08 கிலோ. இவர் இழந்தது அரை கிலோதான், குடித்த 400 மில்லியே போதும். பயிற்சிக்குப் பின் ஒருவரின் எடை கூடியிருந்தால் அவர் தேவைக்கு மேல் குடித்திருக்கிறார்.

அதிகம் குடிப்பதன் ஆபத்தைப் பாடத்தில் விட்டுவிடுவது இன்னும் பெரிய தவறு. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்திலுள்ள சோடியம் என்ற உப்புச் சத்து நீர்த்துப்போய்க் குறைந்துவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தப் பரிசோதனை செய்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோல் அல்லது அதற்கும் கீழே இருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று அறிகுறிகள் நீர்வறட்சி போலவே தெரியும். அதைப் பார்த்துப் பதறி யாராவது மேலும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை வலிப்புவரை போகும். ஸ்போர்ட்ஸ் ட்ரிங்க் குடித்தால் தப்பிக்கலாம் என்றும் சொல்லிவிடாதீர்கள். அதிலுள்ள சோடியம் ரத்தத்தில் இருப்பதைவிட மிகக் குறைவு.

அந்தப் பானத்தில் பொதுவாக 100 மில்லிக்கு 6 முதல் 8 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) இருக்கும். பவுடரை இரண்டு மடங்கு போட்டுக் கலக்கினால் வயிற்றிலிருந்து இறங்கத் தாமதமாகி, வயிறு பிசையும். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த சாதாரணப் பயிற்சிக்குத் தண்ணீரே போதும். எனர்ஜி ட்ரிங்க் என்பது வேறு சமாச்சாரம். அதில் காஃபீன் இருக்கிறது, மாணவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

உடம்பில் நீர் குறைந்திருக்கிறதா என்று அறிய சிறுநீரின் நிறத்தைப் பார்க்கச் சொல்வது நல்லதுதான், ஆனால் காலையில் எழுந்ததும் பார்க்கச் சொல்லுங்கள். பி வைட்டமின் மாத்திரை போட்டவருக்கு அது பளிச்சென்ற மஞ்சளாக வரும், அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

உணவு என்றதும் புரதத்தைப் பற்றியே பேசுவது இன்னொரு பழக்கம். ஓடும் கால்களுக்கு முதலில் வேண்டியது மாவுச்சத்து. போட்டிக்கு நான்கு மணி நேரம் இருந்தால் உடல் எடையில் கிலோவுக்கு 4 கிராம் வரை, ஒரு மணி நேரமே இருந்தால் 1 கிராம். 54 கிலோ மாணவருக்கு முறையே 216, 54 கிராம். இவை மாவுச்சத்தின் எடை, உணவின் எடை அல்ல. இதை முதல்முறையாகப் போட்டி நாளில் சோதிக்க வேண்டாம், பயிற்சி நாளில் பார்த்துக்கொள்ளட்டும்.

எடையை எல்லோர் முன்னிலையிலும் படித்துச் சொல்லவே கூடாது. தனியாகப் பார்த்து, வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்து குறைவது தண்ணீர், கொழுப்பு அல்ல என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அந்த அரை கிலோவை வெற்றியாக நினைத்துச் சாப்பாட்டைக் குறைப்பவர்கள் வருவார்கள். தொடர்ந்து குறைத்துச் சாப்பிட்டால் எலும்பில் விரிசல் வரலாம், அடிக்கடி காய்ச்சல் வரலாம், மாணவிகளுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் அதைக் கடும் பயிற்சியின் இயல்பான விளைவு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.