குட்டிகளுக்குப் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி: எந்த வாரத்தில் போடுவது?

என் கொட்டிலில் ஒன்பது தாய்ப்பன்றிகள், எல்லாமே வெண்பன்றிகள். தொழில் தொடங்கிய வருடம், சீக்கிரம் போட்டால் சீக்கிரம் காப்பு என்று நம்பி, மூன்றாவது வாரத்திலேயே குட்டிகளுக்கு ஊசி போட்டுவிட்டேன். மூன்று மாதம் ஆவதற்குள் நோய் வந்துவிட்டது. ஓர் ஈற்றில் பதினொன்றில் இரண்டுதான் மிஞ்சின. காதும் வயிறும் ஊதா நிறமாகி, பின்னங்கால் தள்ளாடி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. மனிதருக்கு வரும் பன்றிக் காய்ச்சல் வேறு. இது பன்றி இனத்தை மட்டுமே தாக்கும் வைரஸ்.

தவறு ஊசியில் இல்லை, நான் போட்ட நாளில் இருந்தது. பன்றியின் கருப்பையில் இருக்கும்போது தாயின் எதிர்ப்புப் புரதம் குட்டிக்குப் போகாது. எல்லாம் சீம்பாலில்தான். பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் குடித்ததா என்று பாருங்கள். ஒன்றரை நாள் கடந்தால் குடல் அந்தப் புரதத்தை உள்ளே விடாது. நோஞ்சான் குட்டியை நானே தூக்கி முன் காம்பில் வைப்பேன்.

ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். குட்டியின் உடம்பில் அது பெருகினால்தான் எதிர்ப்பு பிறக்கும். தாய்க்கு ஊசி போட்டிருந்தால், சீம்பால் தந்த புரதம் மூன்றாவது வாரத்திலும் வலுவாக இருந்து, அந்த வைரஸைப் பெருகவிடாமல் அடக்கிவிடும். சீம்பால் தந்த அந்தப் புரதம் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஆகவே ஆறு வாரமாவது போகட்டும். நான் எட்டாவது வாரத்தில் போடுகிறேன். தாய்க்கு ஊசி போடாத பண்ணை என்றால் கணக்கு மாறும், கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். கலக்கியதை வெயிலில் வைக்காமல் உடனே போட்டு முடியுங்கள். ஊசியை ஸ்பிரிட்டால் துடைத்தால் உள்ளிருக்கும் வைரஸ் செத்துவிடும். காய்ச்சலடிக்கும் விலங்குக்குப் போடாதீர்கள்.

போட்ட ஒரு வாரத்துக்குள் காப்பு தொடங்கிவிடுகிறது. ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். முதலில் காப்பது வெள்ளை அணுக்கள். உண்மையான நோயும் முதலில் அழிப்பது அவற்றைத்தான். அதனால்தான் வேறு கிருமிகள் புகுந்து கழிச்சலும் சளியும் கூடவே வருகின்றன. கழிச்சலுக்கு மட்டும் மருந்து கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.

ஒரு குட்டியைப் பற்றி எனக்கு எப்போதும் பயம் உண்டு. சினையின் நடுக்காலத்தில் தாயைத் தொற்றினால், வயிற்றிலிருக்கும் குட்டி அந்த வைரஸைத் தன் உடம்பின் பகுதியாகவே ஏற்றுக்கொள்ளும். பிறந்தபின் எதிர்ப்பே உண்டாகாது. மாதக்கணக்கில் கிருமியைப் பரப்பிக்கொண்டிருக்கும். எதிர்ப்புப் புரதம் பார்க்கும் சோதனையில் அது சிக்காது. வளராமல் தேங்கும் குட்டி இருந்தால் தனியே கட்டி, வைரஸையே தேடும் சோதனை கேளுங்கள்.

2020-இல் அசாமில் தென்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை இந்த ஊசி தடுக்காது. அதற்காக, ஓட்டல் மிச்சத்தை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய பிறகே தொட்டியில் ஊற்றுகிறேன்.