மெலனோமா: 'மச்சம்தானே' என்று நாள் கடத்தாதீர்கள்

பாடகர் பாப் மார்லி 1981-ல் இறந்தபோது அவருக்கு வயது 36. நோய் தொடங்கியது கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில். கால்பந்து ஆடும்போது பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1977-ல்தான் அது மெலனோமா, அதாவது தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய் என்று தெரிந்தது.

வெள்ளைத் தோல்காரர்களுக்கு இது பல மடங்கு அதிகம் வருகிறது, உண்மைதான். அதற்காகக் கறுத்த தோலுக்கு வராது என்று இருந்துவிடக் கூடாது. நமக்கு வந்தால் பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில்தான் வரும். காலில் ஆணி, செருப்புக் கடி, ரத்தக்கட்டு என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

நகத்தில் கறுப்பு தெரிந்தால் அதன் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர அதுவும் நுனியை நோக்கி நகரும். பின்னால் சுத்தமான நகம் முளைக்கும். கட்டைவிரல் நகம் மெதுவாகத்தான் வளரும், ஆனாலும் இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும். நகராமல் வேரிலிருந்து நுனிவரை கோடாக நின்றாலோ, கோடு அகலமானாலோ, கறுப்பு நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்குப் பரவினாலோ காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பழைய மச்சத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. பெரும்பாலான மெலனோமா புதிதாகத் தோன்றும் புள்ளிதான். இரு பாதியும் ஒத்துப்போகாதது, ஓரம் கோணலானது, பல நிறம் கலந்தது, 6 மில்லிமீட்டரைத் தாண்டியது, மாறிக்கொண்டே இருப்பது இவையெல்லாம் எச்சரிக்கை. சில, இளஞ்சிவப்புக் கட்டியாகவும் வரும். வலிக்கவில்லையே என்று ஆறுதல் அடைய வேண்டாம். ஆரம்பத்தில் பொதுவாக வலிக்காது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த மாத மாற்றம் அதில் தெரியும்.

அப்புறம், சந்தேகமான மச்சத்தை லேசர் வைத்தோ சுட்டோ எடுத்துவிடாதீர்கள். முழுதாக வெட்டி பயாப்ஸிக்கு அனுப்பினால்தான் அது எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கிறது என்று சரியாகத் தெரியும். சுட்டுவிட்டால் அந்த அளவே கிடைக்காது. சிகிச்சையை முடிவு செய்வதே அந்த ஆழம்தான்.

அமெரிக்கக் கணக்குப்படி, தோலைத் தாண்டாத நிலையில் கண்டுபிடித்தால் நூற்றுக்கு 99 பேர் அளவில் 5 ஆண்டு கடக்கிறார்கள். தொலைதூர உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் சுமார் மூன்றில் ஒருவர்தான். பரவிவிட்டது, இனி என்ன இருக்கிறது என்று சிகிச்சையைக் கைவிடுவதும் தவறுதான். இபிலிமுமாப், நிவோலுமாப் என்ற இரண்டு நோயெதிர்ப்பு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த ஓர் ஆய்வில், முற்றிய நிலையில் இருந்தவர்களில் நூற்றுக்கு 43 பேர் 10 ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள்.