'கொழிஞ்சாம்பாற எறங்கானுண்டோ?': ஆட்டிசம் உள்ள மாணவரிடம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளில் ஒரு குழந்தை பேசாமலிருந்தால், அதற்கான காரணம் எங்கள் கைவசம் எப்போதும் இருக்கும்: வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், இடையில் ஆங்கிலம், குழம்பிவிட்டான், போகப்போகச் சரியாகிவிடுவான். எல்லைப்புற ஆசிரியர்களின் முதல் தவறு இந்தச் சமாதானம்தான். பேச்சு தாமதமாவதோடு, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டியதைச் சுட்டிக்காட்டாமை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல் ஆகியவையும் சேர்ந்திருந்தால், அது ஆட்டிசம் எனப்படும் வளர்ச்சி வேறுபாடாக இருக்கலாம்; மொழிக் குழப்பம் என்று தள்ளிப்போடக் கூடாது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஆட்டிசம் என்று உறுதியானதும், 'வீட்டில் தமிழை விட்டுவிட்டு மலையாளம் மட்டும் பேசுங்கள்' என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்லிவிடுகிறோம். இரண்டு மொழிகள் புழங்கும் வீட்டில் வளர்வதால் இக்குழந்தைகளின் மொழி வளர்ச்சி பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தமிழை நிறுத்தினால் பாட்டியோடு நடக்கும் பேச்சுதான் நிற்கும்.

கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதைக் கேலியென்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. இதில் நானே குற்றவாளி. என் மூன்றாம் வகுப்பில் ஒரு மாணவன், கணக்குப் பாடத்தின் நடுவே, 'கொழிஞ்சாம்பாற எறங்கானுண்டோ?' (கொழிஞ்சாம்பாறையில் இறங்க ஆள் உண்டா?) என்று மலையாளத்தில், பேருந்து நடத்துநரின் குரலிலேயே உரக்கக் கேட்பான். வகுப்பு சிரிக்கும். இரண்டு முறை அவனை எழுந்து நிற்க வைத்தேன். மூன்றாம் முறை அதைச் சொல்லிக்கொண்டே, கால்களை நெருக்கிப் பிடித்தபடி வாசலை நோக்கி அவன் நகர்ந்தபோதுதான், வெளியே போகவேண்டிய நேரத்தில் சொல்லப்படும் வாக்கியம் என்றே அதை அவன் சேர்த்து வைத்திருக்கிறான் என்பது எனக்கு விளங்கியது. எதிரொலிப் பேச்சு எனப்படும் இது பெரும்பாலும் வெற்று ஒலி அன்று. ஆகவே, அதை அடக்க முனைவதற்கு முன், அந்த வாக்கியத்தை எங்கே, எந்தச் சூழலில் கேட்டிருப்பான் என்று வீட்டாரிடம் விசாரித்துவிட்டு, 'வெளியே போகணும் டீச்சர்' என்ற வாக்கியத்தையோ அதற்கான பட அட்டையையோ அவனுக்குப் பழக்க வேண்டும்.

நம் பேச்சிலும் பிழை உண்டு. 'வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்' என்று நான் அதட்டியதும் அதே மாணவன் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். 'நோட்டை எடுத்துத் தர முடியுமா?' என்றால், 'முடியும்' என்று சொல்லிவிட்டு அசையாமல் இருப்பது திமிர் அன்று. கேட்ட கேள்விக்கு விடை அவ்வளவுதான். 'நோட்டைக் கொடு' என்றால் போதும். 'என் கண்ணைப் பார்த்துப் பேசு' என்பதையும் கைவிடலாம். கண்ணைப் பார்ப்பதிலேயே கவனம் முழுவதும் செலவாகிச் சொல்வது மனத்தில் நிற்பதில்லை என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் கூறியிருக்கிறார்கள்.

ஆண்டு விழாவுக்குச் செண்டை ஒத்திகை நடக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு அலறுபவனை அடம்பிடிக்கிறான் என்று தண்டிப்பது இவை எல்லாவற்றிலும் கொடியது. புலன்கள் மிகையாகவோ குறைவாகவோ உணர்வது, அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்று. அடம்பிடிக்கும் குழந்தை பெரும்பாலும் நம் முகத்தை ஓரக்கண்ணால் பார்க்கும்; கேட்டது கிடைத்ததும் ஓய்ந்துவிடும். இவனோ ஒலி நின்று, ஆளரவமற்ற மூலையில் சிறிது நேரம் கழிந்தால்தான் ஓய்வான். அந்த நேரத்தில் ஆறுதல் வார்த்தைகள்கூடச் சுமையே. தண்டனையைப் பொறுத்தவரை, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் எந்தக் குழந்தைக்கும் செய்யக் கூடாது என்றே சொல்கிறது.

வளர்ப்புச் சரியில்லை என்று தாயைக் குறை சொல்வது, மருத்துவ உலகம் எப்போதோ கைவிட்ட பழைய கதை. ஆசிரியர் அறையில் மட்டும் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கண்டறிந்தவற்றை எழுதி ஒப்படைக்காமல் விடுவதையும் தவறுகளோடு சேர்க்கிறேன். என் மாணவன் நான்காம் வகுப்புக்குப் போன ஜூன் மாதத்தில், அவனுடைய பட அட்டை என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. புதிய ஆசிரியர் முதல் வாரத்திலேயே அவனை எழுந்து நிற்க வைத்தார், அதே வாக்கியத்துக்காக.