பழைய போலீஸ் ரிவால்வரைத் தவறாகப் படிக்காதீர்கள்

அமெரிக்காவில் போலீஸ்காரர் என்றாலே இடுப்பில் ரிவால்வர் என்ற நிலை ஏறக்குறைய நூறு ஆண்டுகள் நீடித்தது. 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களிலும் துறைகள் ஒவ்வொன்றாக, சுழலும் சிலிண்டருக்குப் பதில் கைப்பிடிக்குள் தோட்டா அடுக்கும் பிஸ்டலுக்கு மாறின. பல துறைகள் பழைய ரிவால்வர்களை வியாபாரிகளிடம் கொடுத்து, அந்த மதிப்பைக் கழித்துக்கொண்டு புதியதை வாங்கின. இன்று சேகரிப்பாளர்களிடம் இருப்பவற்றில் நிறைய அப்படி வெளியே வந்தவை. ஓய்வுபெற்ற காவலர்களின் குடும்பங்களிலும் சில தங்கிவிட்டன. இவற்றைத் தவறாகப் படிக்கும்போது அந்தத் துறையின் வரலாறும் தவறாகவே பதிவாகிறது. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

பெயரில் ‘போலீஸ்’ இருந்தால் அது போலீஸ் துறையின் துப்பாக்கி என்று முடிவு கட்டிவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1899-இல் கொண்டுவந்த ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ கடையில் எல்லோருக்கும் விற்ற துப்பாக்கி. கோல்ட் நிறுவனம் ‘ஆர்மி ஸ்பெஷல்’ என்று விற்றுவந்ததையே 1927-இல் ‘அஃபிஷியல் போலீஸ்’ என்று பெயர் மாற்றியது. போலீஸ் துறைகள்தான் பெரிய வாடிக்கையாளர்கள் என்பதால் வைத்த விற்பனைப் பெயர் அது. குழலில் அந்தப் பெயர் பொறித்திருந்தாலும், வாங்கியவர் வங்கிக் காவலாளியாகவோ மளிகைக் கடைக்காரராகவோ இருந்திருக்கலாம்.

சரி, அப்படியானால் துறையின் முத்திரையோ பேட்ஜ் எண்ணோ இருந்தால் போதுமா? அங்கேயும் நிதானம் தேவை. கைப்பிடியின் பின்பக்க உலோகப் பட்டையில் நான்கு எழுத்து பொறிப்பது எவருக்கும் எளிது, பொறித்தால் விலை ஏறும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பேட்ஜ் எண்ணும் ஒரே ஆளுக்கு உரியதாக இருந்துவிடுவதில்லை. ஒருவர் ஓய்வு பெற்றதும் அதே எண் இன்னொருவருக்குப் போகும் துறைகள் உண்டு, நியூயார்க் அதற்கு உதாரணம். எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. முத்திரை இல்லாததால் அது போலீஸ் துப்பாக்கி அல்ல என்று ஒதுக்கிவிடக் கூடாது. பல ஊர்களில் காவலர்கள் துறை அனுமதித்த மாடலைத் தங்கள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். அவற்றில் துறையின் அடையாளம் எதுவுமே இருக்காது.

நம்பத்தக்க சான்று காகிதத்தில்தான் கிடைக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கும் கோல்ட்டுக்கும் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் செலுத்திக் கேட்டால், துப்பாக்கி எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தருவார்கள். அதில் மொத்த வியாபாரியின் பெயர் மட்டும் இருந்தால் மனம் தளர வேண்டாம். துறைகள் பெரும்பாலும் வியாபாரி வழியாகவே வாங்கின. துறையின் சொத்துப் பதிவேடு, ஓய்வுபெற்றபோது துப்பாக்கியை ஒப்படைத்த அல்லது விலைக்கு வாங்கிய ரசீது, சீருடையில் எடுத்த படம் ஆகியவற்றில் ஒன்றாவது சேர்ந்தால்தான் கதை நிற்கும்.

எண்களைப் படிப்பதிலும் நிறையக் குழப்பம். குழலின் மேல் இருக்கும் தேதிகள் காப்புரிமைத் தேதிகள், தயாரித்த ஆண்டு அல்ல. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் சிலிண்டரைத் திறந்தால் உள்ளே துப்பாக்கியின் உடற்சட்டத்தில் தெரியும் எண்ணை சீரியல் எண் என்று பலர் குறித்துக்கொள்கிறார்கள். பழைய துப்பாக்கிகளில் அது தொழிற்சாலையில் பாகங்களைச் சேர்த்து வைக்கப் போட்ட எண். உண்மையான சீரியல் எண் கைப்பிடியின் அடிப்பாகத்தில் இருக்கும். மாடல் எண்கள் வந்ததே 1957-இல்தான், ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ மாடல் 10 ஆனது அப்போதுதான். ஆகவே 1942-இன் துப்பாக்கியை மாடல் 10 என்று எழுதுவது பிழை.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் இரண்டாம் உலகப் போர்க்கால ‘விக்டரி’ மாடலை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். சீரியல் எண்ணின் முன்னால் ‘வி’ எழுத்து இருப்பதால் எல்லாமே ராணுவத்துக்குப் போனவை என்று நினைக்கிறார்கள். ஆனால் அரசு நிறுவனம் ஒன்றின் வழியாக உள்நாட்டுப் போலீஸ் துறைகளுக்கும் ஆயுதத் தொழிற்சாலைக் காவலர்களுக்கும் கணிசமாகப் போயிருக்கின்றன. போரின் கடைசிக் கட்டத்தில் ‘எஸ்வி’ என்று எழுத்து மாறியதற்கும் காரணம் உண்டு. கப்பலின் இரும்புத் தளத்தில் விழுந்த ஒரு ரிவால்வர் தானாகச் சுட்டு மாலுமி ஒருவர் இறந்தார். அதன்பின் ஹேமர் (சுடும்போது தோட்டாவை நோக்கி அடிக்கும் சுத்தி) முன்னே போகாதபடி தடுக்கும் பாகத்தைப் புதிதாக வடிவமைத்தார்கள், அந்தப் பாகம் உள்ளவற்றுக்கு அந்த அடையாளம். இதே விக்டரியை பிரிட்டனுக்கும் லட்சக்கணக்கில் அனுப்பினார்கள், ஆனால் வேறு தோட்டாவுக்காக. அது .38 எஸ் அண்ட் டபிள்யூ. போலீஸ் துறைகள் பயன்படுத்திய .38 ஸ்பெஷல் அதைவிட நீளம், ஆனால் ஒல்லி. போருக்குப் பின் பல பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் தோட்டா அமரும் அறையை நீளமாகக் கடைந்து .38 ஸ்பெஷல் போகும்படி செய்தார்கள். அவற்றில் சுட்டால் தோட்டாவின் பித்தளைக் கூடு உப்பும், சில நேரம் பிளந்தே போகும். அப்படிப்பட்ட ஒன்றை அமெரிக்கப் போலீஸ் துறையின் துப்பாக்கி என்று காட்சிக்கு வைப்பது இரட்டைத் தவறு.

மனதுக்கு மிகவும் கஷ்டமான தவறு, பளபளப்பாக்குவது. குழலின் முனையிலும் சிலிண்டரின் விளிம்பிலும் நீலப் பூச்சு தேய்ந்திருந்தால் அது தினமும் தோல் உறையில் ஏறி இறங்கிய தடம். கைப்பிடி மரத்தின் ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாகவோ, கார் கதவில் இடித்த வடுவோடோ இருக்கும். இதைத் தேய்த்துப் புதிதாக நீலம் பூசினால் துப்பாக்கி சொன்ன ஒரே சாட்சியம் போய்விடும், விலையும் சரியும். எழுத்துகள் மங்கி, விளிம்புகள் உருண்டு, ஐந்து நிமிடத்தில் நிபுணர் கண்டுபிடித்துவிடுவார். நிக்கல் பூச்சு இருந்தால் அம்மோனியா கலந்த சுத்திகரிப்பு திரவத்தைத் தொடவே வேண்டாம், அடியில் செம்பு இருந்தால் அதை அரித்துப் பூச்சு உரியும். பழைய தோல் உறையை பத்திரமாக வையுங்கள், ஆனால் துப்பாக்கியை அதற்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அப்புறம், திரையில் பார்ப்பதுபோல மணிக்கட்டைச் சுழற்றி சிலிண்டரை அடித்து மூடினால் அதைத் தாங்கும் உலோகக் கை வளைந்துவிடும். இரண்டு கையாலும் மெதுவாக மூடுங்கள்.

வரலாறு சொல்லும்போது ‘ஒரே ஒரு துப்பாக்கிச் சண்டை ரிவால்வரை முடித்துவைத்தது’ என்பார்கள். 1986 ஏப்ரல் 11-இல் மயாமியில் எஃப்.பி.ஐ. ஏஜென்டுகள் இருவர் இறந்த சண்டையைத்தான் சொல்கிறார்கள். மாற்றத்தை அது வேகப்படுத்தியது உண்மை. ஆனால் அன்று உடலுக்குள் போதிய ஆழம் போகாமல் நின்றுபோனதாக அதிகம் விமர்சிக்கப்பட்ட குண்டு 9 மி.மீ. பிஸ்டலிலிருந்து வந்தது. பலத்த காயத்தோடு எஃப்.பி.ஐ. ஏஜென்ட் எட்முண்டோ மிரலஸ் சண்டையை முடித்தது ரிவால்வரால். இல்லினாய் மாநிலப் போலீஸ் 1967-லேயே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 39 பிஸ்டலுக்குப் போய்விட்டது. நியூயார்க் 1993-இல்தான் மாறத் தொடங்கியது, பழையவர்கள் சிலர் 2018 வரை ரிவால்வரோடே பணி செய்தார்கள். தொடக்கமும் அப்படித்தான். தியோடர் ரூஸ்வெல்ட் நியூயார்க் போலீஸ் ஆணையராக இருந்தபோது 1896-இல் .32 கோல்ட் நியூ போலீஸைத் தேர்ந்தெடுத்து, சுடும் பயிற்சியையும் ஏற்பாடு செய்தார். அதற்கு முன் ஆளுக்கொரு விதமான துப்பாக்கி. எந்த ஆண்டு என்று கேட்பதோடு எந்தத் துறை என்றும் கேட்க வேண்டும்.

சட்டத்தில் பலர் தடுமாறுவது ‘பழையது, அதனால் விதிவிலக்கு’ என்ற எண்ணத்தில்தான். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898-லோ அதற்கு முன்போ தயாரித்தவையே பழம்பொருள். ஐம்பது வயதைத் தாண்டியவை சேகரிப்புப் பொருளாகக் கருதப்படலாம், ஆனால் அவை துப்பாக்கிச் சட்டத்துக்கு உட்பட்டவையே. சீரியல் எண்ணை அழித்த துப்பாக்கியைத் தெரிந்தே வைத்திருப்பது குற்றம். ஆக, கைப்பிடியின் அடியில் மெருகு போடச் சொல்வதற்கு முன் அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதைவிட முன்னால், தோட்டா உள்ளே இல்லை என்று சிலிண்டரைத் திறந்து உறுதி செய்யுங்கள்.