அம்மாவை மோரிவரை நடக்க விடுங்கள்: 6 வாரப் பயிற்சி

மும்பையில் பல கட்டடங்களில் குழாய்த் தண்ணீர் வருவது நாளில் சில மணி நேரம்தான். அதற்குள் டிரம் நிரப்பி, துணி துவைத்து, டப்பா கட்டி, லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டும். பக்கவாதம் வந்தோ இடுப்பெலும்பு முறிந்தோ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் இந்த ஓட்டத்துக்கு நடுவே சட்டைப் பொத்தானைத் தானே போட்டால் பத்து நிமிடம். மருமகள் போட்டுவிட்டால் அரை நிமிடம். தினமும் இப்படி மிச்சம் பிடித்தால், சில வாரங்களில் அவர் முயல்வதையே விட்டுவிடுவார். ஆகவே முதலில் நேரத்தை மாற்றுங்கள். மோரியில், அதாவது வீட்டுக்குள் குளிக்கும் மூலையில், ஒரு பக்கெட் தண்ணீரை எடுத்து வைத்துவிட்டு, குளியலையும் உடுப்பையும் பதினொரு மணிக்குத் தள்ளுங்கள்.

இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ், இப்படி மீள்பவரின் வீட்டுக்கு உள்ளாட்சி அமைப்பு ஆள் அனுப்புகிறது. 6 வாரம் வரை கட்டணம் இல்லை. வருகிறவர் வேலையைச் செய்துகொடுக்க மாட்டார், செய்யப் பழக்குவார். இங்கே அந்த ஏற்பாட்டை நாமேதான் கூட்டிச் சேர்க்க வேண்டும்: வாரம் ஒருமுறை பார்க்க ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (குளியல், உடுப்பு போன்ற அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் நிபுணர்), தினமும் கூட நிற்க வீட்டார் அல்லது ஆயா. பரேல் கே.ஈ.எம்., சயான் ஆஸ்பத்திரிகளில் ஆக்குபேஷனல் தெரபித் துறை உண்டு. ஹாஜி அலியில் மத்திய அரசின் மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஆபரேஷன் ஆனவர் என்றால் காலில் எவ்வளவு எடை போடலாம், எவ்வளவு குனியலாம் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

பயிற்சிக்கு மூன்றே வேலைகள் போதும். அவற்றை அவர்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் “நடந்தால் போதும்” என்பார்கள். அம்மாவுக்கோ தன் கையால் காபி போட வேண்டும், மாட்டுங்காவில் பூ வாங்க வேண்டும். அவர் விரும்பும் வேலையில்தான் பயிற்சி நிற்கும். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்றுக்கும் எண் எழுதுங்கள்: முழுக்க நாம் செய்தால் 1, கை தொட்டு உதவினால் 2, வாயால் சொன்னால் 3, தனியே செய்தால் 4. கிழித்த தாள்களைக் கிளிப்பில் சேர்த்து வையுங்கள். ஒரே எண் ஒரு வாரம் நகரவில்லை என்றால் இருக்கை உயரத்தையோ நேரத்தையோ சாமானையோ மாற்றிப் பாருங்கள். திட்டிப் பலனில்லை.

அதிகம் தவறுவது குளியலில். மோரியின் தரை வழுக்கும், இடமும் குறுகல். சாதாரணப் பிளாஸ்டிக் நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தால் அது பின்னால் சாயும். கைப்பிடியும், நான்கு காலிலும் ரப்பர் புஷ்ஷும் உள்ள குளியல் நாற்காலி வாங்கி, முதுகுப்பக்கம் சுவரில் ஒட்டும்படி போடுங்கள். உயரத்துக்கு அளவு அவர் காலிலேயே இருக்கிறது: முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரைவரை. பெரும்பாலோருக்கு 16 முதல் 18 அங்குலம் வரும். இடுப்பு ஆபரேஷன் ஆனவருக்கு முழங்காலைவிட இடுப்பு சற்று மேலே இருக்க வேண்டும், ஆகவே இன்னும் 2 அங்குலம் கூட்டுங்கள்.

பக்கெட்டைத் தரையில் வைத்தால் ஒவ்வொரு சொம்புக்கும் குனிய வேண்டும்; தலை சுற்றும். இன்னொரு ஸ்டூல் மேல், நல்ல கைப் பக்கம், பாதி நிரப்பி வையுங்கள். அரை லிட்டர் மக் போதும். சோப்பைப் பழைய காலுறைக்குள் போட்டு முடிந்து குழாயில் கட்டிவிட்டால் நழுவி விழாது, அதுவே தேய்க்கும் துணியும் ஆகும். சுவர்க் கைப்பிடி 1¼ முதல் 1½ அங்குலக் கனம், சுவரிலிருந்து 1½ அங்குல இடைவெளி. செங்கல்வரை ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும். டைல்ஸில் உறிஞ்சி ஒட்டும் கைப்பிடி ஒருநாள் கையோடு வந்துவிடும். துண்டு போடும் கம்பியும் ஆளைத் தாங்காது.

எழும்பும் முறை: இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து வருவது, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுப்பது, மூக்கு கால்விரலுக்கு மேல் வரும்வரை முன்னால் சாய்வது, கைப்பிடியை அழுத்தி எழுவது. சாயாமல் எழப் பார்ப்பதால்தான் பலர் திரும்பத் திரும்பப் பொத்தென்று உட்காருகிறார்கள். படுக்கையிலிருந்து என்றால் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகுதான். எழுந்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது உண்டு. பக்கவாதம் வந்த கையையோ அக்குளையோ பிடித்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும். இடுப்பில் அகலப் பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள்.

சட்டை, நைட்டி எதுவானாலும் போடும்போது பலவீனமான கை முதலில். கழற்றும்போது அது கடைசி. பழக்குவதைக் கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள்: முதல் வாரம் எல்லாம் நாம் போட்டு, கீழ்ப்பொத்தானை மட்டும் அவரிடம் விடுவது; மறுவாரம் இரண்டு பொத்தான். வேலை முடிவது அவர் கையில் என்பதால் நாளைக்கும் முயல்வார். ஒரு சொல் சொன்னபின் மனசுக்குள் பத்து எண்ணுங்கள், அதன் பிறகே கையை நீட்டுங்கள். வேட்டிக்கு இடுப்பில் வெல்க்ரோ தைத்துக்கொள்ளலாம். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

காபி விஷயத்துக்கு வருவோம். ஒற்றைக் கையால் பால் பாக்கெட் வெட்ட, அரை லிட்டர் பாக்கெட்டை உயரமான பாத்திரத்தில் நிறுத்தி மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டினால் சிந்தாது. டபராவின் அடியில் ஈரத்துணி மடித்துப் போட்டால் ஆற்றும்போது நகராது. வாக்கர் பிடித்தவருக்கு இரண்டு கையும் அதிலேயே போய்விடும். சூடான டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வர முடியாது. சமையல் மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அங்கேயே குடிக்கட்டும்.

கைத்தடி பலவீனமான காலுக்கு எதிர்க்கையில். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பில் வர வேண்டும். லிஃப்ட் இல்லாத கட்டடமானால் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனக் கால் முதலில். உதவுகிறவர் எப்போதும் ஒரு படி கீழே. படிக்கட்டில் ஒருபக்கம்தான் கம்பி என்றால், மறுபக்கமும் வைக்கக் கட்டடத்தை நிர்வகிக்கும் சொசைட்டியில் முதல் வாரமே மனு கொடுங்கள், அனுமதி வர நாளாகும். பொதுக் கழிப்பறையுள்ள பழைய வரிசை வீடுகளான சால்களில் கழிப்பறை கேலரியின் (பொது நடைபாதையின்) கோடியில் இருந்தால் பகலில் அங்கே நடப்பதே பயிற்சி. ராத்திரிக்கு மட்டும் கமோடு நாற்காலி.

விழுந்துவிட்டால் உடனே தூக்காதீர்கள். இடுப்பு வலித்தாலோ ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். முகம் கோணினாலோ பேச்சு குழறினாலோ அப்படியே. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் நடையை நிறுத்தி அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆள் அனுப்பும் பியூரோவிலிருந்து வரும் ஆயாவுக்கு இது புதுசு. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் சம்பளம் வாங்கிச் சும்மா இருக்கிறாள் என்று சொல்வார்களோ என்ற பயம் அவருக்கு. முதல் நாளே அம்மாவின் எதிரில், “உன்கோ கர்னே தோ, தும் பாஸ் மே கடீ ரஹோ” (அவரே செய்யட்டும், நீ பக்கத்தில் நில்) என்று சொல்லிவிடுங்கள். காலண்டர் எண்ணையும் அவரே எழுதட்டும். மூன்று வேலையில் இரண்டு தொடர்ந்து 7 நாள் 4-இல் நின்றபின் ஆயாவின் 12 மணி நேரத்தை 8 ஆக்குங்கள், பிறகு காலை 4 மணி நேரம். திடீரென்று ஒரேயடியாக நிறுத்தினால் விழும் பயத்தில் அம்மா கட்டிலைவிட்டு இறங்க மாட்டார், எண்கள் மறுபடி 2-க்கு வரும்.